சுரைக்காய் ஏலமும் அரசு வழக்கறிஞரின் நாற்காலியும்

அமெரிக்காவுக்கு வந்து இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆன பிறகுதான் என் பெயரை மட்டும் போட்டு எனக்கென்று ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் எங்கள் கவுண்டியின், நம் ஊர்ப் பேச்சில் மாவட்டத்தின், அரசு வழக்கறிஞர்.

டெக்ஸாஸில் பிளானோ என்ற ஊரில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டில் எல்லா வீட்டுத் தபால் பெட்டிகளும் வாசலில் ஒரே சுவரில் இருக்கும். தினமும் பதினொரு மணிக்கு நான்தான் போய்த் திறப்பேன். கரண்ட் பில், போன் பில், வங்கிக் கடிதம், பீட்சா கூப்பன் எல்லாம் என் கணவர் பெயருக்கே வரும். கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள்கூட அவரிடம்தான் கெஞ்சுவார்கள். நான் அவருடைய விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவள். வேலை பார்க்க எனக்கு அனுமதி கிடையாது. பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளியில் ஒன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், இங்கே தபால் எடுத்து மைக்ரோவேவ் மேல் அடுக்குகிற உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் அந்த உறையைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. இனிஷியல் முதற்கொண்டு சரியாக அடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து கையைக் கழுவித் துடைத்து, ஓரம் கிழியாமல் கத்தியால் நறுவிசாகத் திறந்தேன்.

நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கொடுத்த நாற்பத்தாறு டாலர் செக், கணக்கில் பணமில்லாமல் திரும்பி வந்துவிட்டதாம். டெக்ஸாஸ் சட்டப்படி இது செக் மூலம் செய்த திருட்டாம். பத்து நாளுக்குள் அவர்கள் அலுவலகத்தில் பணத்தைக் கட்டாவிட்டால் என்மேல் வழக்குப் போடுவார்களாம், கைது செய்ய வாரண்ட் வருமாம். திருட்டு என்பதற்கான அந்த ஆங்கில வார்த்தை எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அகராதியை எடுத்துப் பார்த்தேன், கொஞ்சம் மரியாதையான இன்னொரு அர்த்தம் இருந்தாலும் இருக்கும் என்று. இல்லை.

சமையலறையில் பிரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த காலண்டரில் ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தோம். எங்கள் கிரீன் கார்டு நேர்காணல். அதற்குச் சரியாக நான்கு வாரம் இருந்தது. அது முடிந்தால் நானும் வேலைக்குப் போகலாம். பள்ளிக்கூடத்தில் மாற்று ஆசிரியையாக விண்ணப்பம் போட நான் படிவத்தைக்கூட வாங்கி வைத்திருந்தேன். அந்த நேர்காணலில் முதலில் கேட்கப்போகிற கேள்வியே, நீ ஏதாவது குற்றம் செய்தாயா என்பதுதான். கையில் வாரண்ட்டோடு போனால் என் கிரீன் கார்டும் போச்சு, டீச்சர் வேலையும் போச்சு, பாவம் ஒன்றும் அறியாத என் கணவருடையதும் சேர்ந்து போகுமோ என்று பயந்தேன்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சுரைக்காய்.

எங்கள் தமிழ்ச் சபை, ஒரு அமெரிக்கச் சபையின் கோயிலை ஞாயிறு மாலை மட்டும் வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தும். சபையில் பாதிப் பேர் புரோகிராமர்கள், மீதிப் பேர் நர்சுகள். அறுப்பதற்கு யாருக்கும் ஒரு சென்ட் வயல் கிடையாது. ஆனாலும் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை உண்டு, ஆராதனை முடிந்ததும் ஊர் வழக்கப்படி ஏலமும் உண்டு. வீட்டில் விளைந்த முதல் பலனைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும், அதை ஏலம் போட்டு வருகிற பணம் கோயிலுக்குச் சேரும். தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடி வரும். மிளகாய் வரும், முறுக்கு வரும். கடையில் வாங்கின முட்டையை அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து, சொந்தக் கோழி மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

அந்த வருஷம் யாரோ ஒருவர் கொல்லையில் காய்த்த சுரைக்காய் ஒன்று வந்தது. ஒரு முழத்துக்கு மேல் நீளம், உடம்பெல்லாம் பளபளப்பு. ஏலம் போடுகிற அண்ணன் அதைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஐந்து டாலரில் ஆரம்பித்தார். இருபது வரைக்கும் கூட்டமே கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேர்தான் மிஞ்சினோம். ஒன்று நான். இன்னொன்று முன்வரிசை நர்ஸ் ஆண்ட்டி. ஆண்ட்டிக்கு மார்த்தாண்டம். டெக்ஸாஸுக்கு வந்து பதினைந்து வருஷம் ஆனவர், பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர், எதிலும் தோற்றுப் பழக்கமில்லாதவர்.

எனக்குச் சுரைக்காய் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அந்த அண்ணன் ஏலத்தில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடுவார். "சிஸ்டர் முப்பது! டீச்சர் முப்பத்தஞ்சு! சிஸ்டர் நாப்பது! டீச்சர், என்ன டீச்சர், விட்டுருவியளா?" இரண்டு வருஷமாக என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிடவில்லை. நான் இன்னாருடைய மனைவியாக இருந்தேன், அபார்ட்மென்ட் எண்ணாக இருந்தேன். அவர் ஒவ்வொரு தடவை டீச்சர் என்று கத்தும்போதும் என் கை என்னைக் கேட்காமல் மேலே போனது. எழுபதில் கூட்டம் கைதட்டியது. எண்பதில் ஆண்ட்டி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். எண்பத்தைந்தில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் முடிந்து சுரைக்காய் என் மடிக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. அந்த இடத்திலேயே செக்கைக் கிழித்துக் கொடுத்தேன்.

இங்கே எங்கள் செக் புக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குடும்பச் செலவுக்கென்று ஒரு தனிக் கணக்கு வைத்து, மாதம் இரண்டு தடவை அதில் அளந்து பணம் போடுவார் என் கணவர். செக்கில் இரண்டு பேர் பெயரும் இருக்கும், அவர் பெயர் மேலே, என் பெயர் கீழே. முதல் ஒரு வருஷம் அது அவர் பையில்தான் இருந்தது. நான் சண்டை போட்டு வாங்கினேன். கொடுக்கும்போது தேதி எங்கே எழுத வேண்டும், தொகை எங்கே எழுத வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்தினார். ஒன்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூட்டுவட்டி சொல்லிக்கொடுத்தவளுக்கு! "ஒரே ஒரு செக் பவுன்ஸ் ஆச்சுன்னா நம்ம கிரெடிட் காலி பிள்ள. அப்புறம் செக் புக் எங்கிட்டயே இருக்கட்டும்," என்று முடித்தார். அந்த வைராக்கியத்தில் நான் பைசா பிசகாமல் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். சுரைக்காய் செக்கை மட்டும் எழுதவில்லை. அந்த வாரம் அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். எண்பத்தைந்து டாலர், சுரைக்காய் என்று குறிப்பேட்டில் எழுதினால் வந்து படிப்பாரே.

எழுதாமல் சமாளித்துவிடலாம் என்று நான் நினைத்ததற்குக் காரணம் எங்கள் சபையின் பொருளாளர். அவர் மிக நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை விழும் செக்குகளையெல்லாம் ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் காரின் டாஷ்போர்டு பெட்டியில் வைத்துவிட்டு மறந்துபோவார். ஈஸ்டருக்குப் போட்ட காணிக்கை மழைக்காலத்தில்தான் வங்கிக்குப் போகும். சபையில் எல்லாருக்கும் இது தெரியும். எங்கள் ஊர் ஆட்கள் கையில் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தைரியமாகக் காணிக்கை செக் எழுதியது அந்த மனிதர்மேல் வைத்த விசுவாசத்தால்தான். நானும் ஒரு மாதத்துக்குள் மளிகைச் செலவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எண்பத்தைந்தை ஈடுகட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு சரிதான். ஆனால் பண்டிகையன்று நான் சுரைக்காயோடு வீட்டுக்குக் கிளம்பிய பிறகு கூடிய சபைக்கூட்டத்தில் அவரை மாற்றிவிட்டார்கள். புதிய பொருளாளர் வங்கியில் வேலை பார்க்கிறவர். திங்கட்கிழமை காலை வங்கி திறக்கும்போது சுரைக்காய் செக்கோடு வாசலில் நின்றிருக்கிறார். சனிக்கிழமை நான் சூப்பர் மார்க்கெட்டில் கொடுத்திருந்த செக் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தபோது அதற்குப் பதினொரு டாலர் குறைந்தது. கோயில் பணத்தை வாங்கிக்கொண்டது, மளிகைக் கடை வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வங்கி அப்போதே கடிதம் போட்டிருக்கிறது. கடைக்காரரும் போட்டிருக்கிறார். எல்லாம் என் கணவர் பெயருக்கு. செக்கில் மேலே இருந்த பெயர் அவருடையதுதானே? நானும் ஒழுங்காக அவற்றை மைக்ரோவேவ் மேல் அடுக்கினேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று படித்து வளர்ந்தவள். அவரோ விண்டோ வைத்த உறை எதையும் பிரிக்கவே மாட்டார். கடைசியில், செக்கில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அந்தக் கவுண்டியிலேயே உற்றுப் பார்த்த ஒரே ஆள் அரசு வழக்கறிஞர்தான்.

கணவரிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவர், "டயட்டா?" என்று கேட்டுவிட்டு என் பங்கு அப்பளத்தையும் எடுத்துக்கொண்டார். நீதிமன்றம் இருந்த ஊருக்குப் போக ஃப்ரீவேயில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். என்னிடம் லைசென்ஸ் இருந்தது, ஃப்ரீவேயில் ஏறுகிற தைரியம் இல்லை. பகலில் காரோடு சும்மா இருக்கக்கூடிய தமிழ் ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். இரவு ஷிப்ட் பார்க்கிற நர்ஸ் ஆண்ட்டி. ஏலத்துக்குப் பிறகு அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை. வேறு வழியில்லாமல் போன் பண்ணி, அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆண்ட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ அந்தச் சுரைக்காய் செக் பாஸாயிட்டுது, என்ன?" என்றார்.

"அது பாஸாயிட்டு ஆண்ட்டி. அதனாலதான் இது..."

"செரி மக்ளே, அழாத. நாளக்கி எட்டரைக்கு ரெடியா நில்லு. நான் டியூட்டி முடிஞ்சு நேரே வாறேன்."

மறுநாள் நான் ஒரு பெரிய ஃபைலோடு நின்றேன். பட்டச் சான்றிதழ், பி.எட். சான்றிதழ், தலைமையாசிரியை கொடுத்த நன்னடத்தைச் சான்று, கல்யாணப் பதிவு, ஞானஸ்நானச் சான்று, ஒவ்வொன்றிலும் மூன்று நகல். நீதிபதி என்னைப் பார்த்தாலே நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று பட்டுச்சேலை வேறு கட்டியிருந்தேன். நர்ஸ் உடுப்போடு காரை ஓட்டி வந்த ஆண்ட்டி என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டுக்கா போறோம்?" என்றார்.

நீதிபதியும் இல்லை, கூண்டும் இல்லை. நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பழைய கம்பளம் விரித்த ஒரு அறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். மேலே ஒரு பலகை. அதில் ஹாட் செக் பிரிவு என்று எழுதியிருந்தது. நம் ஊரில் செக் திரும்பும், பவுன்ஸ் ஆகும், டெக்ஸாஸில் அது சூடாகிவிடும் போலிருக்கிறது. அந்த அம்மாள் தலையை நிமிர்த்தினார். என்னைத் தாண்டி ஆண்ட்டியைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"ஹனி! நீங்களா? எவ்வளவு நாளாச்சு! பையன் எப்படி இருக்கான்?"

நான் ஆண்ட்டியைப் பார்த்தேன். ஆண்ட்டி சுவரைப் பார்த்தார். "ரெண்டு தடவ வந்திருக்கேன்," என்று உதட்டை அசைக்காமல் தமிழில் சொன்னார். "சபையில யாருட்டயும் மூச்சு விட்டுராத மக்ளே."

அந்த நிமிஷம் என் நெஞ்சில் இருந்த பாரத்தில் பாதி இறங்கியது. பெண்கள் ஐக்கியச் செயலாளரே இரண்டு தடவை திருடியவர் என்றால் நான் எம்மாத்திரம்? கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாக ஃபைலை உள்ளே தள்ளப் பார்த்தேன். அது நுழையவில்லை. அந்த அம்மாள் அதை ஒன்றும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் பையிலிருந்து செக் புக்கை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

அவர் கண்ணாடியில் மாட்டியிருந்த இன்னொரு சிறு பலகையைப் பேனாவால் தட்டிக் காட்டினார். செக் வாங்கப்படமாட்டாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆண்ட்டி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரொக்கமும் வாங்க மாட்டார்களாம், கடையில் பணம் கட்டி எடுக்கிற மணி ஆர்டர்தான் வேண்டுமாம். நான் ஊரிலிருந்து புறப்பட்டபோது என் அப்பா அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு நூறு டாலர் நோட்டு கொடுத்திருந்தார். பாஸ்போர்ட் உறைக்குள் இரண்டு வருஷமாக மடிப்புக் கலையாமல் இருந்த நோட்டு அது. எதிரே இருந்த பெட்ரோல் பங்கில் போய் அதை மாற்றி மணி ஆர்டர் எடுத்து வந்தோம். கடைக்கு ஒன்று, அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒன்று. மிஞ்சியது ஒரு காப்பிக்குக்கூடக் காணாத சில்லறை.

பயம் போனதும் டீச்சர் புத்தி வந்துவிட்டது. கடைக்குப் போகிற செக் தொகை புரிந்தது, கடைக்காரருடைய சிரமத்துக்கான கட்டணமும் புரிந்தது. இந்த அலுவலகத்துக்கு எதற்குத் தனியாக? "இது யாருக்குப் போகுது?" என்று கேட்டேன்.

"எங்களுக்குத்தான், ஹனி," என்றார் அந்த அம்மாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பது மாதிரி இருந்தது அவர் குரல். கவுண்டி கொடுக்கிற பணம் அலுவலகத்துக்குப் போதவில்லை. செக் எழுதி மாட்டிக்கொள்கிறவர்கள் கட்டுகிற கட்டணம் ஒரு தனி நிதியில் சேரும், அதை அரசு வழக்கறிஞர் தன் அலுவலகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமே இருக்கிறது. அந்த அம்மாளின் சம்பளத்தில் ஒரு பகுதி அதிலிருந்துதான் வருகிறது, அந்த ஜெராக்ஸ் மெஷின் அதில்தான் வாங்கியது, உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலிகூட அதில்தான் என்று கைப்பிடியைத் தட்டிக் காட்டினார். நல்ல நாற்காலி. சுழலும் நாற்காலி.

எனக்கு ஊர்க் கோயில்களில் டியூப்லைட்டின் மேல் வெளிச்சமே வராதபடி உபயம் இன்னார் என்று எழுதி வைப்பது ஞாபகம் வந்தது. இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான். அந்த ஜெராக்ஸ் மெஷின் ஆண்ட்டியின் இரண்டு தடவை உபயமாக இருக்கலாம். நான் ஒரு ஸ்டேப்ளர் அளவுக்காவது கொடுத்திருப்பேன்.

"அப்படின்னா ஊர்ல எல்லாரும் ஒழுங்கா செக் எழுதினா?" என்று கேட்டேன்.

"அப்படி ஆகிடக் கூடாதுன்னுதான் நான் ஜெபம் பண்ணுறேன், ஹனி," என்றார்.

ஆண்ட்டி ஆமென் என்றார். எனக்குத்தான் கோபம் வந்தது. தப்புச் செய்கிறவனைப் பிடிக்க ஒரு ஆபீஸ், அவன் தப்புச் செய்தால்தான் ஆபீஸில் அடுப்பெரியும் என்றால் இது என்ன நியாயம்? நாளைக்கே அவர்களுக்கு இன்னொரு நாற்காலி தேவைப்பட்டால் பதினொரு டாலர் குறைந்தவளையெல்லாம் விடுவார்களா? இதைத் திரும்பி வரும்போது காரில் ஆண்ட்டியிடம் பொரிந்து தள்ளினேன். சட்டம், நீதி, கொள்கை என்று பத்து மைலுக்குப் பேசினேன்.

பேசிக்கொண்டே வந்தவள் பாதி வழியில் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பள்ளியில் பிந்தி வருகிற பிள்ளைகளிடம் ஆளுக்கு இருபத்தைந்து பைசா அபராதம் வாங்குவோம். டப்பா என் பொறுப்பில்தான் இருந்தது. அந்தப் பணத்தில்தான் வகுப்புக்குச் சாக்பீஸ், டஸ்டர், சுவர்ப்படம் எல்லாம். ஒரு வருஷம் புவியியலுக்கு ஒரு பூமிக் கோளம் வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைகளோ அந்த வருஷம் பார்த்து நேரத்துக்கு வந்து தொலைத்தார்கள். டப்பா காலியாகவே கிடந்தது. ஒரு திங்கட்கிழமை நான் பியூனைக் கூப்பிட்டு, பள்ளிக் கடிகாரம் மெதுவாகப் போகிறது, மணியை இரண்டு நிமிஷம் முந்தி அடி என்று சொன்னேன். கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. மூன்று மாதத்தில் கோளம் வந்துவிட்டது. ஓடி வந்து மூச்சு வாங்க நின்ற அந்தப் பிள்ளைகளின் முகம் ஃப்ரீவேயில் ஒவ்வொன்றாக எனக்கு முன்னால் வந்தது. டெக்ஸாஸ் அரசாவது கடிகாரத்தில் கை வைக்கவில்லை.

"என்ன, பேச்சு நின்னு போச்சு?" என்றார் ஆண்ட்டி.

"ஒண்ணுமில்ல ஆண்ட்டி. தொண்ட வலிக்கி."

ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல விட்டுவிட்டேன். புறப்படும் முன் அந்த அம்மாளிடம், நான் குற்றவாளி இல்லை என்று எழுதித் தரும்படி கேட்டேன். அவர் மேசையின் எல்லா அறையையும் மனதுக்குள் திறந்து பார்ப்பது போல யோசித்தார். கெடுவுக்குள் கட்டிவிட்டதால் வழக்கே போடவில்லை, போடாத வழக்குக்குப் பேப்பர் கிடையாது, திருடி என்பதற்குத்தான் படிவம் இருக்கிறது, இல்லை என்பதற்கு இல்லை என்று அன்பாகச் சொல்லி ஒரு ரசீது மட்டும் கொடுத்தார். என் பெயர் போட்ட ரசீது. ஆண்ட்டி அதைக் கிழித்துப் போடச் சொன்னார். "இன்டர்வியூல இதப் பத்தி வாயத் தொறக்காத. கேஸ் இல்லன்னா ஒண்ணும் இல்ல." எனக்குக் கிழிக்க மனசு வரவில்லை.

காலண்டரில் வட்டம் போட்டிருந்த நாளன்று டாலஸில் குடியேற்றத் துறை அலுவலகத்தில் நானும் என் கணவரும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். எதிரே நரைத்த மீசை வைத்த ஒரு அதிகாரி. வலது கையைத் தூக்கச் சொல்லி, உண்மையே சொல்வேன் என்று சத்தியம் வாங்கினார். என் கணவரிடம் கேள்விகளை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கைதானதுண்டா? இல்லை. வழக்கு உண்டா? இல்லை. எல்லாவற்றுக்கும் என் கணவரும் கூடவே தலையை ஆட்டி எனக்காக இல்லை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கைதாகாவிட்டாலும், தெரிந்தே ஏதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா?"

இல்லை என்றால் முடிந்தது. தெரிந்து செய்யவில்லைதான். பொருளாளரை மாற்றுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் கணக்கில் எழுதாமல் விட்டது தெரிந்துதானே? என் கை இன்னும் தூக்கின சத்தியத்தின் சூட்டோடு மடியில் கிடந்தது. இந்தக் கார்டை வைத்துத்தானே மறுபடியும் பிள்ளைகள் முன்னால் போய் நிற்கப் போகிறேன் என்று நினைத்தேன். பையைத் திறந்து ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஒரு செக் திரும்பிருச்சு சார். பணத்தைக் கட்டிட்டேன்."

என் கணவரின் தலை ஆடுவது நின்றது. அதிகாரி ரசீதை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். அறுப்பின் பண்டிகையையும் பொருளாளரையும் அவருக்கு விளக்க ஐந்து நிமிஷம் ஆனது. சுரைக்காய் அவருக்குத் தெரியவில்லை, கையை விரித்து நீளத்தைக் காட்டினேன்.

"இதை எவ்வளவுக்கு எடுத்தீங்க?"

"எண்பத்தைந்து டாலர்."

"எண்பத்தைந்து டாலரா?" என்றார் அதிகாரி.

"எம்பத்தஞ்சு டாலரா?" என்றார் என் கணவர், தமிழில்.

இரண்டு ஆண்களும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி ரசீதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இது குற்றக் கணக்கில் வராது அம்மா என்றார். என் கடவுச்சீட்டை எடுத்து முத்திரையைக் குத்தினார். இன்றிலிருந்து நீங்கள் எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று சொன்னபோது எனக்கு அவர் முகமே சரியாகத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

காருக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்ட என் கணவர் வண்டியைக் கிளப்பாமல் இருந்தார்.

"தனியாவா கோர்ட்டுக்குப் போன?"

"நர்ஸ் ஆண்ட்டி கூட்டிட்டுப் போனாவ."

"வாரண்ட்டுன்னு லெட்டர் வந்திருக்கு. ஒரு மாசமா மனசுக்குள்ள வச்சிட்டு இருந்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே பிள்ள?"

"சொன்னா செக் புக்க வாங்கி வச்சிருப்பிய அத்தான்."

அப்படியெல்லாம் செய்வேனா என்று அவர் கோபிப்பார், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினார்.

"ஆமா," என்றார். "வாங்கித்தான் வச்சிருப்பேன்."